அடுப்புக்கு மேலே ஓர் ஓலை

மாசி பிறந்தால் இண்டூர் மிக்கேலம்மாள் ஏணியைத் தூக்கிவிடுவாள். முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு, அடுப்புக்கு மேலே மஞ்சம்புல் கூரையில் தொங்கும் புகை ஒட்டடையை ஒரு விரற்கடை விடாமல் துடைப்பத்தால் தட்டி இறக்குவாள். அடுப்போரம் சேர்ந்த துவரைச் செத்தையை வாசலுக்கு அப்பால் கொண்டுபோய்க் கொட்டுவாள். 1963 கோடையில் தாய்வீடு எரிந்து விழுந்ததை நின்று பார்த்தவள் அவள்.

"கூரைக்குத் தலை சீவி முடிச்சிட்டியா? பூ எப்ப வெக்கப் போற?" என்பாள் அடுத்த வீட்டுக் குள்ளம்மாள்.

"உங்கூட்டுக்கும் சீவி உடறேன், வந்து ஏணியப் புடி."

அவள் கை படாத இடம் ஒன்று உண்டு. 1966 குருத்தோலை ஞாயிறன்று, ஐந்து வயது மகன் பிலவேந்திரன் கோயிலிலிருந்து பிடித்து வந்த ஓலை அங்கே இருந்தது. அந்தச் சித்திரையிலேயே வாந்திபேதியில் பிள்ளை போய்விட்டான். மந்திரித்த ஓலையைக் குப்பையில் எறிவதில்லை. சாம்பல் புதனுக்கு முன்பு கோயில் உபதேசியார் வீடு வீடாக வாங்கிப்போய் எரிப்பார். அந்தச் சாம்பலைத்தான் நெற்றியில் இடுவார்கள். அவள் கணவன் சவரி இந்த ஓலையை மட்டும் கொடுக்கவில்லை. புகை பட்டால் பூச்சி அரிக்காது என்று அடுப்புக்கு நேர் மேலே மூங்கில் வரிச்சில் செருகி வைத்தான்.

1971 மாசியில் ஏணிமேல் நின்றபடி அவள் கேட்டாள்: "ஏங்க, அப்பளமாட்டம் காஞ்சி கெடக்குது. ஒரு பொறி போதும். உபதேசியார்கிட்ட குடுத்துரலாங்க."

"அவன் கை பட்டதுல அது ஒண்ணுதான் மிச்சம். அதத் தொட்டியின்னா நான் இந்த வூட்ல இருக்க மாட்டேன்."

அவள் அதைச் சுற்றித் துடைத்துவிட்டு இறங்கினாள்.

சித்திரையில் ஒரு நண்பகல், களி கிளறும்போது காற்று அடுப்புக்குள் புகுந்தது. எழும்பிய பொறி ஓலையைத்தான் முதலில் பிடித்தது. குடத்து நீரை வீசினாள், எட்டவில்லை. கேழ்வரகு மூட்டையையும் ஆட்டையும் வெளியே இழுத்துப் போட்டபோது சவரி காட்டு வேலையை விட்டு ஓடிவந்தான்.

"எல்லாம் எடுத்தாச்சுங்க. உள்ள போவாதீங்க."

"ஓலை?"

"அதாங்க மொதல்ல எரிஞ்சுது."

அவளைத் தள்ளிவிட்டு அவன் நுழைந்தான். விட்டம் இறங்கியது. ஊரார் நனைத்த சாக்கைப் போர்த்திக்கொண்டு போய் அவனை இழுத்து வந்தார்கள்.

தருமபுரி ஆஸ்பத்திரியில் அவனை வாழையிலை மேல் கிடத்தியிருந்தார்கள். ஈ மொய்க்காமல் மிக்கேலம்மாள் விசிறிக்கொண்டிருந்தாள். சவரி அவள் பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"நான் காட்டுக்குப் போனப்ப எனக்குத் தெரியாம அந்த ஓலைய எடுத்துப் போட்டிருக்கலாமில்ல."

விசிறி நிற்கவில்லை. "போட்டிருக்கலாங்க," என்றாள்.

மறுநாள் மதியம் அவன் இறந்தான். கல்லறைத் தோட்டத்தில் மகனுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது.