ஜெனரலின் எலாஸ்டிக் நாடா

பன்னிரண்டு ஊசிகளிலும் மனைவி நூல் கோத்து நீட்ட, அவற்றை வரிசையாகச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டு கடைக்குக் கிளம்புகிறார் எங்கள் மாடிவீட்டுத் தையல்காரர். "நேரம் மிச்சம் சார். நாள் பூரா நூல் கோத்துக்கிட்டு இருந்தா எப்ப தைக்கிறது?" என்பார். பதின்மூன்றாவது ஊசி தேவைப்படும் அன்று கடை சீக்கிரமே மூடிவிடும்.

வாரத்தில் ஆறு நாள் தையல்காரர். ஞாயிறு மதியம் ஜெனரல். பட்டம் கொடுத்தவர் மனைவி, மரியாதைக்காக அல்ல. சாப்பாட்டு மேசையில் பொம்மைச் சிப்பாய்களை நிறுத்தி, பகடை உருட்டி, அளந்து அளந்து நகர்த்திப் போர் நடத்துவது இவருடைய பைத்தியம். எதிரிப் படை மைத்துனருடையது. அவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். நடுவர் நான். எனக்குத் தெரிந்த ஒரே விதி, தேநீர் வரும்வரை எழுந்திருக்கக் கூடாது என்பதுதான்.

மூன்று மாதத்துக்கு முன்புவரை சிப்பாய்கள் விரல்நக உயரம்தான். ஒரு ஞாயிறு ஜெனரல், மைத்துனரின் குதிரைப்படையைத் தன்னுடையது என்று நினைத்து ஓட்டிப்போய், தன் பீரங்கியைத் தானே பிடித்துவிட்டார். "வேணும்னுதான் செஞ்சேன். இதுக்குப் பேரு தந்திரம்" என்று சமாளித்தவர், அடுத்த வாரமே அறிவித்தார். "குட்டிப் பொம்மையில கம்பீரம் இல்ல மச்சான். இனிமே பெருசுதான்."

கண்ணைப் பற்றி மூச்சு விடவில்லை. கண்ணாடி போட்டால் ஆள் கிழமாகிவிட்டார் என்று பேசுவார்கள், கல்யாணத் துணியெல்லாம் எதிர்க்கடைக்குப் போய்விடும் என்று பயம். அதிலும் மைத்துனருக்குத் தெரிந்தால் தொலைந்தது.

விரல் உயரச் சிப்பாய்கள் ஆளுக்கு இருபத்துநான்கு பேர் வந்து இறங்கினார்கள். மூன்று வாரம் உட்கார்ந்து தன் படைக்குத் தன் கையாலேயே வர்ணம் பூசினார். அந்த முகங்களைப் பார்த்து நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் மனைவி கண்ணைக் காட்டினார், அடங்கிவிட்டேன்.

விதிப்புத்தகமோ குட்டி ஆட்களுக்கு எழுதியது. காலாட்படைக்கு ஆறு அங்குலம் என்றால் பெரிய ஆளுக்கு அது இரண்டு எட்டுக்கூட வராது. எல்லாவற்றையும் மூன்றால் பெருக்கினார். பீரங்கிக் குண்டு மேசையைத் தாண்டிச் சமையலறைக்குள் போய் விழுந்தது.

"என் எல்லைக்குள்ள இன்னொரு குண்டு விழட்டும், அப்புறம் தெரியும்" என்றார் மனைவி.

போர் கூடத்துத் தரைக்கு இறங்கியது. கட்டிலுக்கு அடியில் காடு, கூடத்து நடுவில் பாலம். ஒவ்வொரு தடவையும் பெருக்கிக்கொண்டிருக்க முடியாதே! புத்தகத்தைத் தொடாமல் அளவுநாடாவையே புதிதாகச் செய்தார். மூன்று அங்குலத்துக்கு ஒரு நூல்முடிச்சு; ஒரு முடிச்சு என்றால் புத்தகத்தில் ஓர் அங்குலம். முடிச்சுப் போடக் கையில் அகப்பட்டது இடுப்புப்பட்டி எலாஸ்டிக். தெரிந்து எடுத்தாரா தெரியாமல் எடுத்தாரா என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார்.

போன ஞாயிறு, புது நாடாவோடு முதல் போர்.

"அது என்ன மாமா, உங்க ஆளுங்க நடந்தா மட்டும் நாடா நீளுது?"

"உற்சாகமா போறாங்க மச்சான்."

மைத்துனர் சிரித்துக்கொண்டே நாடாவைப் பிடுங்கினார். கோடும் இல்லை, எண்ணும் இல்லை, முடிச்சு மட்டும். கண்ணை மூடி விரலால் தடவிப் பார்த்தார். சிரிப்பு நின்றது. அக்காவைப் பார்த்தார், அக்கா மின்விசிறியைப் பார்த்தார்.

"சரி, உருட்டுங்க மாமா."

ஆறு விழுந்தால் பாலம் ஜெனரலுக்கு, போரும் அவருக்கே. பகடை உருண்டு நின்றது. வழக்கமாக எண்ணை உரக்கச் சொல்கிற மைத்துனர் அன்று வாயைத் திறக்கவில்லை. ஜெனரல் குனிந்தார். இன்னும் குனிந்தார்.

"ஆறு" என்றார்.

இரண்டு.

மைத்துனர் சட்டைப் பையிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்து, இரு படைக்கும் நடுவில் வைத்தார். "குதிரைய ஓட்டிட்டுப் போனீங்களே, அன்னிலேருந்து பையிலதான் கெடக்கு. பெரிய ஆளுங்களுக்காக இத்தன விதி மாத்தினீங்க, இதையும் சேத்துக்குங்க. தளபதி கண்ணாடி போட்டுக்கிட்டா ரெண்டு விழுந்தாலும் ஆறு."

ஜெனரல் என்னைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், பாலத்தைப் பார்த்தார். போட்டுக்கொண்டார்.

பகடையை அவர் பார்க்கவில்லை. தன் படைத்தலைவனைத்தான் முதலில் கையில் எடுத்தார். மீசை நெற்றியில் இருந்தது. அடுத்தவனை எடுத்தார். அவனுக்கும் அங்கேதான்.

பாலத்தைப் பிடித்த இருபத்துநான்கு பேரையும், ஒருவர் விடாமல், முகம் சுவர்ப்பக்கம் இருக்கும்படி திருப்பி வைத்தார்.