வலது இருக்கையின் நிறை

கணேசலிங்கம் எந்தத் தராசையும் நம்பியதில்லை. டண்டினோங்கில் ஒரு தராசுத் தொழிற்சாலையில் இருபத்தேழு வருடம் வேலை செய்தவர். பழக்கடைத் தராசிலிருந்து லொறி ஏறும் தராசு வரை, சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. அதனால் வந்த வியாதி அது. காரில் எப்போதும் ஒரு கிலோ பித்தளைப் படிக்கல் ஒன்று கிடக்கும். மரக்கறிக் கடைக்குப் போனால் கத்தரிக்காயை வைக்க முதல் படியை வைத்துப் பார்ப்பார். மகள் சிவாஜினி பிறந்த அன்று மருத்துவமனைத் தராசு நாற்பது கிராம் கூடக் காட்டுகிறது என்று தாதியிடம் சொன்னார். பிறகு சோதித்துப் பார்த்ததில் முப்பத்தெட்டுக் கிராம். அந்த இரண்டு கிராம் பிழையைப் பற்றி அவர் கடைசிவரை வருத்தப்பட்டார்.

இந்த வருடம் மார்ச்சில் அவர் இறந்தார். வயது எழுபத்தொன்று.

வீட்டில் விமானம் செய்யத் தொடங்கியபோது ஐம்பத்தாறு. நோபல் பார்க் வீட்டின் கராஜில் பெட்டி பெட்டியாகப் பாகங்கள் வந்து இறங்கின. கார் தெருவுக்குப் போனது. பதினொரு வருடம் தெருவிலேயே நின்றது. இரண்டு பேர் அருகருகே இருக்கும் சின்ன அலுமினிய விமானம். ஒவ்வொரு ஆணியையும் அவரே அடித்தார், பாதியைக் கழற்றி மறுபடி அடித்தார். கிப்ஸ்லாந்துப் பக்கம் ஒரு பண்ணைக்காரரின் புல் ஓடுபாதையில் கொட்டகை பிடித்து, இரண்டு வருடம் தானே ஓட்டினார்.

வலது இருக்கையில் மனைவி விமலாதேவியை ஏற்றவேண்டும் என்பதுதான் ஆசை. விமலாதேவி அசையவில்லை.

"கராஜில செய்த சாமானில நான் ஏறமாட்டன். வாஷிங் மெஷினையும் அந்தக் கராஜிலதான் திருத்தினனீங்கள்."

வாஷிங் மெஷின் வீட்டுக் கம்பளத்தை நனைத்த கதை எல்லாருக்கும் தெரியும்.

பிறகு இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். விமானிக்கான மருத்துவச் சான்று போய்விட்டது. மிச்சமிருந்தது ஒரு வழி. எடை குறைந்த விமானங்களுக்கு வேறு பதிவு இருக்கிறது. அதில் சேர்ந்தால் கார் ஓட்டும் அளவுக்கு உடம்பு இருந்தால் போதும் என்றார் வைத்தியர். ஆனால் அந்தப் பதிவுக்கு விமானத்தின் ஸ்டால் வேகம் 45 நொட்டை, மணிக்கு 83 கிலோமீற்றரை, தாண்டக்கூடாது. ஸ்டால் வேகம் என்றால், அதற்குக் கீழே போனால் இறக்கை தூக்குவதை விட்டுவிடும் வேகம். அவருடைய விமானத்துக்கு அது 47.6.

"ரெண்டு தசம் ஆறு நொட்," என்று ஒரு சனிக்கிழமை காலை மகளுக்குப் போன் எடுத்துச் சொன்னார். "வோர்டெக்ஸ் ஜெனரேட்டர் ஒட்டினால் இறங்கும். எண்பத்தெட்டுத் துண்டு. நீ வந்தால் கெதியா முடிக்கலாம்."

சிவாஜினி ரயில் பிரேக் வடிவமைக்கும் பொறியியலாளர். வோர்டெக்ஸ் ஜெனரேட்டர் என்ன செய்யும் என்று அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. நகமளவு தகடுகள். இறக்கையின் மேற்பரப்பில், முன்விளிம்புக்குச் சற்றுப் பின்னால், கொஞ்சம் சரித்து நிறுத்தி ஒட்டவேண்டும். ஒவ்வொன்றும் காற்றில் ஒரு சின்னச் சுழியைக் கிளப்பும். அந்தச் சுழி, மெதுவாகப் பறக்கும்போதும் காற்று இறக்கையை விட்டுப் பிரியாமல் பார்த்துக்கொள்ளும். ஒரு நாள் வேலை என்று நினைத்தாள். ஐந்து சனிக்கிழமை போனது.

அவள் லேசர் கோடு போடும் கருவி கொண்டுவந்தாள். அவர் சுண்ணாம்பு நூல் கட்டினார். லேசரும் நூலும் அரை மில்லிமீற்றர் விலகின. எது பிழை என்று கண்டுபிடிக்க ஒரு பின்னேரம் போனது.

"அப்பா, அரை மில்லிமீற்றர். காற்றுக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும்."

லேசர்தான் பிழை. அது அவளுக்கு இன்னும் எரிச்சல்.

அதற்கிடையில் நிறைக் கேள்வி வந்தது. ஸ்டால் வேகத்தை முழுச் சுமையோடு அளக்கவேண்டும். வலது இருக்கையில் ஆள் இருக்கும் நிறை வேண்டும். ஆனால் சோதனைப் பறப்பில் விமானியைத் தவிர யாரும் ஏறக்கூடாது. அரிசி மூட்டை கட்டுவதென்று தீர்மானித்தார். எத்தனை மூட்டை?

"அம்மா ஏறமாட்டா எண்டு பதிமூண்டு வருசமாச் சொல்லுறா," என்றாள் சிவாஜினி. "தனி ஆளுக்கு அளவுங்கோ. அந்தச் சுமைக்கு 45 இப்பவே வந்திடும். தகடே தேவையில்லை."

"ஏறினால்?"

"அப்பா."

"ஏறினால் என்ன செய்யிறது? ஒராள் விமானம் எண்டு பதிஞ்சுபோட்டு, இறங்கு எண்டு சொல்லுறதே?"

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் விமலாதேவியிடம் எத்தனை கிலோ என்று கேட்டார். விமலாதேவி சொதியை ஊற்றிக்கொண்டே, நிமிராமல், "அறுபது எண்டு போடுங்கோ," என்றார். கணேசலிங்கம் எழுதிக்கொண்டார். அளக்காமல் அவர் எழுதிய ஒரே எண் அதுதான்.

இருபது கிலோ அரிசி மூன்று மூட்டை. மூட்டையில் இருபது என்று இருந்தது. நிறுத்துப் பார்த்தால் ஒன்று 19.7. முந்நூறு கிராம் வர ஒரு சுண்டு அரிசி சேர்த்துக் கட்டினார்.

கடைசித் தகடுகள் ஒட்டவிருந்த நாள் நவராத்திரி முடிவோடு வந்தது. ஆயுதங்களுக்குப் பூசை. விமலாதேவி விமானத்தில் ஏறமாட்டார், ஆனால் அதற்குப் பூசை செய்யாமல் விடவும் மாட்டார். தாம்பாளத்தோடு கொட்டகைக்கு வந்தார். இறக்கையை ஸ்பிரிட்டால் மூன்று தரம் துடைத்து வைத்திருந்தார்கள். தகப்பனும் மகளும் தேநீர் குடிக்கப் போன நேரம், விளக்குத் திரி தூண்டிய கையோடு இடது இறக்கையில் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, பிறகு அது வேலைக்கு இடைஞ்சல் என்று சேலைத் தலைப்பால் நன்றாகத் துடைத்தும் விட்டார். வலது இறக்கைக்குப் போவதற்குள் இவர்கள் திரும்பிவிட்டார்கள். இடது இறக்கையில் பொட்டு எதுவும் தெரியவில்லை. நல்லெண்ணெய் எப்படித் தெரியும்? அதன் மேலேயே தகடுகளை ஒட்டினார்கள்.

அடுத்த சனி கிரண் வந்தான். கோயம்புத்தூர்க்காரன், பறக்கக் கற்றுக்கொடுக்கிறவன், கணேசலிங்கத்துக்குச் சோதனைப் பறப்புச் செய்ய ஒத்துக்கொண்ட ஒரே ஆள். மூட்டைகளை வலது இருக்கையில் பெல்ட் போட்டு இறுக்கினார்கள்.

"ஆன்ட்டி ரொம்ப அமைதியா இருக்காங்க," என்றான் கிரண், மூட்டையைத் தட்டி.

நாலாயிரம் அடியில் இயந்திர வேகத்தைக் குறைத்தான். கீழே இருவரும் ரேடியோவைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். பிறகு கிரணின் குரல், வழக்கத்தைவிட மெதுவாக: "அங்கிள், இடது பக்கம் திடீர்னு சாஞ்சிடுச்சு. சரி பண்ணிட்டேன். இறங்கிடறேன்."

இறங்கியதும் எண்ணினார்கள். வலது இறக்கையில் நாற்பத்து நான்கு. இடதில் முப்பத்தேழு. ஏழு தகடுகள் கிப்ஸ்லாந்தில் எங்கோ மாடு மேயும் புல்வெளியில் கிடக்கும். ஒட்டியிருந்த இடத்தைச் சிவாஜினி விரலால் தடவி முகர்ந்தாள். சந்தனமும் நல்லெண்ணெயும்.

வீட்டில் விமலாதேவியிடம் சொன்னபோது, "நான் பூசை செய்ததாலதான் அந்தப் பெடியன் உயிரோட இறங்கினவன்," என்றார்.

இடது இறக்கை முழுவதையும் மறுபடி ஒட்டினார்கள். கிரண் மறுபடி ஏறினான். இந்தத் தரம் மூக்கு நேராகத் தாழ்ந்தது. ரேடியோவில் சிரிப்பு. "நாப்பது அங்கிள். நாப்பதுல தான் விட்டுச்சு. பார்ட்டி எப்போ?"

சிவாஜினி தகப்பனைக் கட்டிப்பிடிக்கப் போனாள். அவர் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார்.

"அது வேக மீற்றர் சொல்லுறது."

"அப்பா, ப்ளீஸ்."

"மூக்கு நிமிர்ந்து நிக்கேக்க வேகம் அளக்கிற குழாய்க்குள்ள காற்று சரிஞ்சு போகும். மீற்றர் குறைச்சுத்தான் காட்டும். உனக்குத் தெரியாதே?"

தெரியும். அவர் சொல்வது சரி. அவர் எப்போதும் சரியாகத்தான் சொன்னார், அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. கிரண் ஸ்டாலுக்குச் சற்று மேலான வேகங்களில், ஒவ்வொன்றிலும் நான்கு திசைக்கும் பறந்தான். ஜி.பி.எஸ். வேகங்களைக் கூட்டிச் சராசரி எடுத்தால் காற்று கழிந்துவிடும், மீற்றரின் பொய் தெரிந்துவிடும். இரண்டு சனிக்கிழமை காற்று விடவில்லை. மூன்றாவதில் உண்மை எண் கிடைத்தது. 45.3.

"நாற்பத்தைஞ்சு எண்டு எழுதுங்கோ," என்றாள் சிவாஜினி. "ஆர் பாக்கப்போறான்?"

அவர் அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. கடைக்காரன் தராசில் விரல் வைப்பதைக் கண்டதுபோல ஒரு பார்வை.

"எல்லாத்தையும் கழற்றி ஒரு விரல் முன்னுக்கு ஒட்டுவம்," என்றார்.

எண்பத்தெட்டையும். ஒவ்வொன்றின் அடியிலும் தூண்டில் நூலை விட்டு அறுத்து எடுக்கவேண்டும். சிவாஜினி வெளியே போய்க் காருக்குள் இருந்து கதவைச் சாத்திக்கொண்டாள். இருபது நிமிடம் இருந்தாள். தனக்கு முப்பத்தெட்டு வயது, சனிக்கிழமைகளில் செய்ய வேறு காரியங்கள் உண்டு, இந்த மனிதருக்கு அது ஒருநாளும் தோன்றவில்லை. திரும்பி உள்ளே போனபோது அவர் எட்டுத் தகடு கழற்றியிருந்தார். இன்னொரு துண்டுத் தூண்டில் நூல் வெட்டி, அவளுக்கென்று பக்கத்தில் வைத்திருந்தார்.

டிசம்பர் நடுவில், 44.4. நான்கு திசையிலும், இரண்டு தரம்.

ஜனவரியில் பதிவு வந்தது. கணேசலிங்கம் இடது இருக்கையில் ஏறினார். அந்த மாதம் எட்டுத் தரம் பறந்தார். எட்டுத் தரமும் வலது இருக்கையில் மூன்று மூட்டை.

"ஆளே இல்லை. அரிசி என்னத்துக்கு?"

"அந்த நிறையோட இறக்கிப் பழகவேணும்."

பெப்ரவரியில் ஒரு ஞாயிறு, இடியப்பம் பிழிந்துகொண்டிருந்த விமலாதேவி, "அடுத்த கிழமை ஒருக்கா வாறன். ஒருக்காத்தான்," என்றார். கணேசலிங்கம் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் குசினியிலிருந்து வெளியே போய்விட்டார். கொஞ்சம் பொறுத்துத்தான் திரும்பி வந்தார்.

சனிக்கிழமை வெயில் நன்றாக இருந்தது. காற்று இல்லை. விமலாதேவி நல்ல சேலை, கறுப்புக் கண்ணாடி. சிவாஜினி படம் எடுக்கப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கணேசலிங்கம் மூட்டைகளை இறக்கினார். பிறகு கொட்டகைக்குள் போய், தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த பழைய தட்டுத் தராசை உருட்டிவந்து மனைவியின் காலடியில் வைத்தார்.

"ஏறும்."

"என்னத்துக்கு?"

"நிறை பாக்கவேணும்."

பக்கத்துக் கொட்டகைக்காரர் மூன்று பேர் தேநீரோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள். கிரணும் நின்றான்.

"நான்தானே அறுபது எண்டு சொன்னனான்."

"அது போன வருசம்."

"இத்தனை பேருக்கு முன்னால என்னை மூட்டை மாதிரி நிறுக்கப் போறீங்களோ?"

"எல்லாரையும் திரும்பி நிக்கச் சொல்லுறன்."

"திரும்பி நிண்டால் கேக்காதோ? நீங்கள் எண்ணைச் சத்தமா வாசிக்கிற ஆள்."

உண்மை. அவர் எண்ணைச் சத்தமாகத்தான் வாசிப்பார்.

"அப்பா, விடுங்கோ," என்றாள் சிவாஜினி. "அம்மா, ஒரு நிமிசம் ஏறுங்கோ. ரெண்டு பேரும்... கடவுளே."

முக்கால் மணித்தியாலம். அவர் நிறுக்காமல் ஏற்றமாட்டார். நிறுக்காமல் ஏற்றினால் ஒழிய விமலாதேவி நகரமாட்டார். கடைசியில் விமலாதேவி காரில் போய் இருந்தார். கணேசலிங்கம் தராசை உள்ளே உருட்டினார். கொண்டுபோன கட்லட்டைக் கிரண் சாப்பிட்டான்.

பறப்புக் கொப்பியில் அன்றைய வரி அவர் கையெழுத்தில் இருக்கிறது: பறக்கவில்லை. நிறை தெரியவில்லை.

பத்தொன்பது நாள் கழித்து, காலையில் அவர் எழும்பவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள், சிவாஜினி கொட்டகையைக் காலி செய்து சாமான்களை நோபல் பார்க்குக் கொண்டுவந்தாள். தராசைக் கராஜில் இறக்கினாள். மூன்று அரிசி மூட்டைகளையும் பக்கத்தில் வைத்தாள். விமலாதேவி வாசலில் நின்று பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வந்து தராசில் ஏறினார்.

"வாசி."

சிவாஜினி தெருப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"இஞ்ச ஒருத்தரும் இல்லை. வாசி பிள்ளை."

"எழுபத்தொண்டு தசம் நாலு."

"சீலைக்கு ஒரு கிலோ கழி."

"கழிக்கேலாது அம்மா. சீலையோடதான் ஏறுவீங்கள்."

சிவாஜினி போனை எடுத்துக் கணக்குப் போட்டாள். மூட்டைகளைவிட 11.4 கிலோ கூட. முழு நிறை 540 இலிருந்து 551.4. வேகம் நிறையின் வர்க்கமூலத்தோடு கூடும். 44.4, 44.9 ஆகும்.

மறுபடி போட்டாள். 44.9.

"என்னவாம்?"

"நாற்பத்தைஞ்சுக்குக் கீழதான். போயிருக்கலாம்."

"அதை அண்டைக்கு அந்த மனிசன் சொல்லியிருக்கலாமே."

"நிறுக்காமல் எப்படிச் சொல்லுறது?"

சொன்ன பிறகுதான் அது யாருடைய குரல் என்று இருவருக்கும் விளங்கியது. விமலாதேவி தராசிலிருந்து இறங்கினார். கொப்பியைத் திறந்து, பெப்ரவரி வரிக்குக் கீழே எழுதப்போன சிவாஜினி, பேனையை எடுத்துவிட்டு நிறுத்தினாள். காரிலிருந்து எடுத்துவைத்த பித்தளைப் படியைத் தேடி எடுத்துத் தராசில் வைத்தாள். சரியாக ஒரு கிலோ காட்டியது.

"அம்மா, இன்னொருக்கா ஏறுங்கோ. ரெண்டு தரம் பாக்கவேணும்."

விமலாதேவி மறுபேச்சுப் பேசாமல் ஏறி நின்றார்.