அக்காவின் நான்கு டிஸ்கஸ் மீன்கள்

அக்கா ஆபரேஷன் தேதியைச் சொல்லத்தான் போன் செய்தாள். ஆனால் முதலில் அவள் வாயிலிருந்து வந்தது வேறு.

"என் மீனுங்கள நீ வச்சுக்கிறியாடி?"

பெரம்பலூரில் நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அப்போது நல்ல கூட்டம். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "தேதி என்னாச்சுக்கா?" என்றேன்.

"அடுத்த வாரம் மெட்ராஸ்ல அட்மிட் ஆவணும். மாமாவும் என்கூடத்தான் இருக்கணும். வூட்டப் பூட்டிட்டுப் போறோம். மீனுக்குத் தண்ணி மாத்த ஆள் இல்ல."

அவள் மார்பில் இருந்தது புற்றுநோய்க் கட்டிதான் என்று தெரிந்து இருபது நாள் ஆகியிருந்தது. அந்த இருபது நாளும் நான் பார்த்து அவள் அழவில்லை. இப்போது மீன்களைப் பற்றிப் பேசும்போதுதான் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. எனக்கு மீன் வளர்க்கத் தெரியாது. இருந்தாலும் சரி என்றேன்.

அரியலூரில் பள்ளி ஆசிரியையான அக்கா ஆறு வருடங்களாக டிஸ்கஸ் மீன்களை வளர்த்துவந்தாள். ஊத்தப்பம் மாதிரி வட்டமாக, தட்டையாக இருக்கும் மீன்கள். இரண்டு சிவப்பு, ஒன்று மஞ்சள், ஒன்று நீலக் கோடு போட்டது. அரியலூர் போர் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும். டிஸ்கஸுக்கு அது ஆகாது என்று கேன் தண்ணீர் வாங்கிக் கலந்து ஊற்றுவாள். மனுஷருக்கே போர் தண்ணி, மீனுக்குக் கேன் தண்ணியா என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள்.

அவளுடைய தொட்டி பழையது. ஓரத்தில் ஏற்கனவே கசிந்துகொண்டிருந்தது. தூக்கினால் பிரிந்துவிடும் என்று கண்ணாடிக் கடைக்காரர் சொல்லிவிட்டதால் நான் புதிதாக மூன்றடித் தொட்டி வாங்கினேன். சிக்கலே அந்தப் புதுத் தொட்டிதான்.

"மீன் கழிவுல அமோனியா வரும், அது விஷம்," என்று அக்கா வகுப்பெடுத்தாள். "அதத் திங்கிற பாக்டீரியா பில்டருக்குள்ள வளரணும். அது அமோனியாவ நைட்ரைட்டா மாத்தும். அதுவும் விஷம்தான். அத மாத்த இன்னொரு பாக்டீரியா வரணும். புதுத் தொட்டியில இதெல்லாம் சேர அஞ்சாறு வாரம் ஆவும். நமக்கு அவ்ளோ நாள் இல்ல. அதனால என் பில்டர்ல இருக்க ஸ்பாஞ்ச அப்படியே எடுத்துட்டுப் போ. பாக்டீரியா பூரா அதுலதான் இருக்கு. காய மட்டும் விட்டுராத."

அவர்கள் சென்னைக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் வாடகைக் காரில் மீன்களை எடுத்துவந்தோம். தெர்மாகோல் பெட்டியில் நான்கு பாலித்தீன் பைகள், பைக்கு ஒரு மீன். ஸ்பாஞ்சு தனியாக ஒரு வாளியில், பழைய தொட்டித் தண்ணீரிலேயே மிதந்தது. சுண்ணாம்புக்கல் லாரிகள் முன்னால் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு வேகத்தடையிலும் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

எங்கள் வீடு குரும்பலூர் போகும் சாலையில் இருக்கிறது. வந்ததும் பைகளைப் புதுத் தொட்டியில் மிதக்கவிட்டு, இரண்டு தண்ணீருக்கும் சூடு ஒன்றாகும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பின்பக்கம் குழாய் ஓடும் சத்தம் கேட்டது. சிறிது நேரத்தில் என் கணவர் ஸ்பாஞ்சைக் கையில் பிடித்தபடி வந்தார். மஞ்சளாக, புத்தம் புதிதாக இருந்தது.

"எவ்ளோ அழுக்கு தெரியுமா? நாலு வாளி தண்ணி கறுப்பாவே வந்துச்சு. சோப்பு போடல. வெறும் குழாத் தண்ணிதான்."

மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். அவர் கண்ணில் பட்ட எந்த பில்டரும் கழுவப்படாமல் தப்பாது. எங்கள் தெருக்குழாயில் வருவதோ பிளீச்சிங் பவுடர் வாடை அடிக்கும் தண்ணீர். ஆறு வருடமாக அக்கா வளர்த்த பாக்டீரியா முழுவதும் சாக்கடையில் போய்விட்டது.

என் முகத்தைப் பார்த்தே அவருக்கு ஏதோ புரிந்தது. விளக்கிச் சொன்னதும் ஸ்பாஞ்சை மேசைமேல் வைத்துவிட்டு, "மறுபடி அழுக்காக்க முடியாதா?" என்று கேட்டார். கோபத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மீன்களைத் திருப்பி அனுப்ப இடமில்லை. மறுநாள் காலையில் அக்கா வீடு பூட்டியாகிவிட்டது.

அன்றிலிருந்து என் காலை ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயோடு விடிந்தது. தொட்டித் தண்ணீரைப் பிடித்து, அக்கா கொடுத்தனுப்பிய சோதனை மருந்தைச் சில சொட்டு விட்டு, ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். மஞ்சளாகவே இருந்தால் அமோனியா இல்லை. பச்சையானால் இருக்கிறது. நாள் முழுக்க யார் யாருடைய ரத்தத்தையோ சோதித்துக் கைநடுக்கமில்லாமல் எழுதித் தருகிறவள் நான். அந்த ஐந்து நிமிடம் மட்டும் என்னால் குழாயைப் பார்க்க முடியாது. அடுப்படிக்குப் போய் எதையாவது நகர்த்தி வைத்துக்கொண்டிருப்பேன்.

மூன்றாம் நாள் பச்சை வந்துவிட்டது. மீன்கள் கறுத்து, ஒரு மூலையில் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. போட்ட தீனி அடியில் அப்படியே கிடந்தது. காலையில் பாதித் தண்ணீரை மாற்றுவேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்கூட்டரில் வந்து இன்னொரு தடவை மாற்றிவிட்டு, சாப்பிடாமலே வேலைக்கு ஓடுவேன். கேன் தண்ணீரைச் சுடவைத்துக் கலப்பது என் கணவரின் வேலை. அவர் கையை விட்டுச் சூடு பார்ப்பார். நான் நம்பாமல் தெர்மாமீட்டரை வைத்து மறுபடி பார்ப்பேன். அந்த நாட்களில் நாங்கள் இருவரும் தண்ணீரைத் தவிர வேறெதையும் பேசிக்கொண்டதாக நினைவில்லை.

அக்கா தினமும் கேட்டாள். "சாப்புடுதுங்களா?"

"சாப்புடுதுக்கா."

"ஸ்பாஞ்சு?"

"நல்லா இருக்குக்கா."

ஆபரேஷன் முடிந்து மாமா போன் செய்தபோது நான் ஸ்டோர் ரூமில் ஒரு அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். கட்டியை எடுத்தாகிவிட்டது, கண் விழித்துவிட்டாள் என்றார். மறுநாள் காலையில் நீலக் கோடு போட்ட மீன் தொட்டியின் அடியில் சாய்ந்து கிடந்தது. செவுள் அசையவில்லை. என் கணவர் அதைக் கொய்யாமரத்தடியில் புதைத்துவிட்டு வந்து, வாசலிலேயே வெகுநேரம் கை கழுவிக்கொண்டிருந்தார்.

அதற்கு இரண்டு நாள் கழித்து அக்கா வீடியோ கேட்டாள். வந்த அன்றே எடுத்த ஒன்று என் போனில் இருந்தது. நான்கும் நீந்திக்கொண்டிருக்கும். அதை அனுப்பிவிட்டேன். கால் மணி நேரத்தில் போன் அடித்தது.

"தொட்டிக்குப் பின்னாடி காலண்டர் மாட்டியிருக்கடி," என்றாள் அக்கா. குரல் மெலிந்திருந்தது. "நீ தெனம் தாள் கிழிக்கிறவ. அதுல தேதி பழசு. எது செத்துச்சு?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "நீலம்," என்றேன். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன், ஸ்பாஞ்சு கழுவியதைத் தவிர. அதைச் சொல்ல என் கணவரே போனை வாங்கினார்.

"நான்தான்க்கா கழுவிட்டேன். அழுக்குன்னு நெனச்சேன்."

மறுமுனையில் ஏதோ விக்கல் மாதிரி வந்தது. அழுகிறாள் என்று நினைத்து நான் போனைப் பிடுங்கினேன்.

"சிரிக்க வைக்காதீங்க தம்பி, தையல் இழுக்குது," என்றாள் அவள்.

ஆனால் அடுத்து வந்தது சிரிப்பில்லை. "எங்கிட்ட மறைக்காதடி. இங்க எல்லாரும் எங்கிட்ட நல்லாருக்கு நல்லாருக்குன்னு மட்டுந்தான் சொல்றாங்க. நீயும் அப்படியே சொன்னா நான் யாரத்தான் நம்புறது?"

என் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. அன்றைய அமோனியா அளவு என்ன என்று கேட்டாள். தீனியை நிறுத்து, விளக்கை அணைத்து வை என்றாள். அரியலூரில் அவள் மீன் வாங்கிய கடையில் போய்க் கேட்டால் அவர்கள் தொட்டியில் ஓடுகிற ஸ்பாஞ்சில் ஒரு துண்டு தருவார்கள் என்றாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் இவ்வளவு நேரம் எழுந்து உட்கார்ந்தது அன்றைக்குத்தான் என்று மாமா பின்னால் சொன்னார்.

என் கணவர் கடையைச் சாத்திவிட்டு பைக்கை எடுத்தார். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். திரும்பி வந்தபோது கையில் எங்கள் டிபன் கேரியர். திறந்தால் கலங்கல் தண்ணீரில் பழுப்பு நிறத்தில் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு.

"டீச்சரம்மா எப்படி இருக்காங்கன்னு கடைக்காரரு கேட்டாரு," என்றார். "நல்லா இருக்காங்கன்னு சொல்லிட்டேன். அப்படிச் சொல்லலாம்ல?"

உடனே எதுவும் சரியாகிவிடவில்லை. பச்சை மெல்லக் குறைந்தது. அது குறையக் குறைய நைட்ரைட் ஏறியது. மஞ்சள் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. அக்கா சொன்னபடி கொஞ்சம் கல்லுப்பு கரைத்து ஊற்றினேன். இப்போதெல்லாம் தினமும் காலையில் உள்ளதை உள்ளபடி அவளுக்குச் சொல்லிவிடுவேன். பதிலுக்கு அவளும் சொல்வாள்: ஆபரேஷன் செய்த இடத்து டியூபில் எவ்வளவு வடிந்தது, காய்ச்சல் எவ்வளவு, கையைத் தோளுக்கு மேலே தூக்க முடிகிறதா என்று. நான்காவது வாரக் கடைசியில் ஒரு சிவப்பு மீன் தீனியைக் கொத்தித் துப்பி, மறுபடி கொத்தியது. நான் வேலைக்கு அரை மணி நேரம் தாமதம்.

சென்னையிலிருந்து திரும்பும் வழியில் அவர்கள் எங்கள் வீட்டில் இறங்கினார்கள். அக்கா மிகவும் இளைத்திருந்தாள். தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நீலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கீமோ இன்னும் பாக்கி இருந்தது. "இதுங்க இங்கயே இருக்கட்டும்," என்று மட்டும் சொன்னாள்.

கீமோ முடிந்து, முடி திரும்ப முளைத்த பிறகு அவளும் புதிதாகத் தொட்டி வாங்கினாள். எங்கள் ஸ்பாஞ்சில் பாதி தருகிறேன் என்றேன். வேண்டாம், இந்தத் தடவை அவசரமில்லை என்றுவிட்டாள். மீனே இல்லாத தொட்டியில் தண்ணீரை ஊற்றி, பாக்டீரியாவுக்குத் தீனியாகத் துளித் துளியாக அமோனியா விட்டு, விளக்குப் போட்டுவைத்தாள். வாளி தூக்குவது மாமா. பார்க்க வருகிறவர்கள் காலித் தொட்டியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நோய் திரும்பியிருக்கிறதா என்று பார்க்கும் ஸ்கேனுக்கு அப்போது பத்து நாள் இருந்தது. எனக்குத்தான் பயத்தில் சோறு இறங்கவில்லை. அவள் காலை ஆறரைக்கே போன் செய்வாள்.

"இன்னிக்குப் பச்ச கொறஞ்சிருக்குடி," என்பாள். "நேத்திக்கு இவ்ளோ கொறயல."