இல்லாத கைப்பிடி

ஐடி வேலை போன பிறகு சும்மா இருக்க முடியாமல், பரணில் கிடந்த பழைய கம்ப்யூட்டரை இறக்கி, எழுத்து மட்டும் காட்டும் ஆபரேட்டிங் சிஸ்டம் ஒன்றைப் போட்டேன். வேறெதையும் தாங்க அதற்குத் தெம்பில்லை. கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடு சிமிட்டியது. சூடான தூசி வாசனை எழுந்தது.

நான் வளர்ந்த காக்ஸ் டவுன் வீட்டிலும் இதே வாசனைதான். கம்ப்யூட்டர் வந்ததும் கம்பெனியில் டைப்ரைட்டர்களோடு டைப்பிஸ்ட்டான அப்பாவையும் அனுப்பிவிட்டார்கள். அவர் சிவாஜிநகரில் ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கி வந்தார். தினமும் பூசைக்குப் போகிறவர்போல் தலைவாரி, சட்டையை இன் பண்ணி, அதன்முன் உட்கார்வார். டைப் அடித்தால் பிழையே வராது. ஆனால் வரி முடியும்போதெல்லாம் இடது கை தானாக உயர்ந்து, டைப்ரைட்டரில் அடுத்த வரிக்குப் போகத் தள்ளும் கைப்பிடி இருப்பதாக நினைத்து வெறுங்காற்றைத் தள்ளும்.

"அங்க ஒண்ணும் இல்லங்க" என்பார் அம்மா, மெதுவாக.

"தெரியும் மேரி."

அடுத்த வரியிலும் கை உயரும். இன்டர்வியூவிலும் உயர்ந்ததாம். அதன்பின் யாரும் கூப்பிடவில்லை.

"என்னப்பா தேடுற?" என்றாள் என் மகள்.

குனிந்து பார்த்தேன். இந்தச் சிஸ்டத்துக்குத் தேவையில்லையென்று நான் மவுஸைச் செருகவே இல்லை. என் வலது கை மேஜைமேல் அதைத் தடவித் தேடிக்கொண்டிருந்தது.