மூன்று மாதச் சராசரி

சிங்கப்பூரில், பிடோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளக் கடையில் குளிர்பானங்களுக்கு மதிப்பெண் உண்டு. சர்க்கரை குறைவென்றால் ஏ, கூடக்கூட பி, சி, டி. நான் இங்கே வந்து ஆறு வருடம், இது இன்னும் பழகவில்லை. நம் ஊரில் பிள்ளைகள் மதிப்பெண் வாங்கும். இங்கே புட்டி வாங்குகிறது. புள்ளியியல் துறையில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவனுக்கு எண்ணாமல் நகர முடியாது: ஒரே தட்டில் ஏழு டி. எதற்கும் வெட்கமில்லை.

எனக்கும் ஒரு மதிப்பெண் வரவிருந்தது. தை மாதம் கும்பகோணத்தில் அண்ணன் பேத்திக்குக் கல்யாணம். அண்ணனுக்கு எண்பத்து மூன்று. "நாம ரெண்டு பேரும் சேர்ந்து பாக்கிற கடைசிக் கல்யாணம்டா" என்று போனில் சொன்னதிலிருந்து எனக்கு வேறு நினைவில்லை. ஆனால் மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "ஷுகர் ரிசல்ட் ஏழரைக்கு மேல போச்சுன்னா டிக்கெட் கிடையாதுப்பா."

அவள் பயத்துக்குக் காரணம் உண்டு. ஐப்பசியில் ஊருக்குப் போயிருந்தேன். வீட்டை விற்றாகிவிட்டது, அண்ணன் வீட்டிலோ கட்டட வேலை. அதனால் லாட்ஜ் வாசம். நாற்பத்தோரு நாள், மூன்று வேளையும் ஹோட்டல். திரும்பிப் போனால் கிடைக்காதே என்று இட்லியும் கடப்பாக் குழம்பும், கிடைக்காதே என்று ரவா தோசை, கிடைக்காதே என்று அல்வா. சொந்த ஊரில் சுற்றுலாப் பயணியைப் போலத் தின்றேன்.

திரும்பி வந்த வாரமே பள்ளித் தோழன் செல்வராசு சிங்கப்பூர் பார்க்க வந்தான். ஒன்பது நாள். ஊரைக் காட்டுவதென்றால் இங்கே சாப்பாட்டைத்தான் காட்ட வேண்டும். காலையில் பரோட்டா, காத்தோங்கில் லக்சா நூடுல்ஸ், லிட்டில் இந்தியாவில் வாழையிலையும் மீன்தலைக் கறியும். அங்கேதான் வினை. விருந்தாளிக்கு முன்னால் நான் இலையை மடிப்பது முறையில்லை. அழைத்து வந்தவனுக்கு முன்னால் மடிப்பது அவனுக்கு முறையில்லை. இலை திறந்திருந்தால் சோறு விழும். மூன்றாம் முறையும் விழுந்தது.

"நீ மடி."

"நீ மொதல்ல மடிடா."

பரிமாறுகிறவர் வாளியோடு நின்று பார்த்தார். "என்ன அங்கிள், போட்டியா? யாராச்சும் ஒருத்தர் மடிங்க லா."

நான்காம் முறை ரசத்துக்காக.

பரிசோதனைக்கு முன்பு இரண்டு நாள் கஞ்சி மட்டும் குடித்தேன்; நாளுக்கு ஒன்பதாயிரம் காலடி நடந்தேன். ரத்தம் எடுத்த சீனத் தாதியிடம், இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று ஆங்கிலத்தில் பெருமையாகச் சொன்னேன். அந்தப் பெண் முகம் வாடி, வீட்டில் சமைத்துத் தர யாருமில்லையா என்று கேட்டு, தன் பையிலிருந்து ஒரு பிஸ்கட் பொட்டலத்தை எடுத்துக் கையில் வைத்தாள். மறுக்க மனம் வரவில்லை.

முடிவு எட்டு புள்ளி இரண்டு. டாக்டர் பொறுமையாக விளக்கினார்: இது இரண்டு நாள் கணக்கில்லை, மூன்று மாதச் சராசரி. வாழ்நாள் முழுக்கச் சராசரி போட்டவனுக்கு!

"எல்லாம் அங்க போய்த் தின்னதுதான்" என்றாள் மகள். செல்வராசுவோ போனில், "இங்க என்னத்தத் தின்ன? அந்த மீன்தலை பண்ண வேலை" என்றான். நான் கணக்குப் பார்த்தேன். தொண்ணூறு நாளில் நாற்பத்தொன்று அங்கே, நாற்பத்தொன்பது இங்கே. கலந்த பிறகு எது எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை.

"இனி வீட்டுச் சாப்பாடுதான்பா. மூணு மாசத்துல திரும்ப டெஸ்ட். குறைஞ்சா போங்க."

அதற்குள் தை போய்விடும். அண்ணனிடம் சொன்னேன். "சரி, ஒடம்பப் பாரு" என்றார்.

பார்க்கத்தான் செய்கிறேன். காய்கறித் துண்டுகளை எண்ணித் தின்கிறேன். அடுத்த எண் குறையும் என்று மகள் நம்புகிறாள். குறையும், எனக்கும் தெரியும். தொண்ணூறு நாளும் சிங்கப்பூராகவே இருக்கும். என் ரத்தத்தில் கும்பகோணம் ஒரு நாள்கூட இல்லாத எண் அது.