சாட்சிக்குக் கொடுத்த காப்பி

யுத்தம் மும்முரமாக நடந்துகொண்டிருந்த சமயம் அது. மதுரையில், காளவாசல் பக்கம் செங்கல் சூளைகளைத் தாண்டி எங்கள் வீடு இருந்தது. என் கணவர் ஸ்காட்லாந்துக்காரர். மில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ள வந்தவர். நான் சோழவந்தான் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்து, பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள். எங்கள் கல்யாணம் சர்ச்சில் நடந்தது, ஆனால் நான் மதம் மாறவில்லை. அன்றோடு என் அண்ணன்மார் இருவரும் என்னைத் தலைமுழுகிவிட்டார்கள். எங்களுக்குக் குழந்தையும் இல்லை. எனக்கு அவர், அவருக்கு நான், இரண்டு பேருக்கும் அந்த வீடு என்று காலம் போய்க்கொண்டிருந்தது.

அவர் தமிழ் படித்தது புத்தகத்தில் அல்ல, மில் தொழிலாளிகளிடம். சிவந்த முகமும் தொப்பியுமாக நின்றுகொண்டு “அம்புட்டுத்தேன்” என்பார். காய்கறிக்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரிப்பாள்.

அந்த வருஷம் அவரோடு வேலை பார்த்த இன்னொரு வெள்ளைக்காரர் திடீரென்று இறந்துபோனார். அவருடைய மனைவியும் நம் ஊர்ப் பெண்தான். எல்லாம் அவர் பெயரில் இருந்ததால் பேங்க் கணக்கை அவளால் தொட முடியவில்லை. சீமையிலிருந்து சொந்தக்காரர்களின் வக்கீல் நோட்டீஸ் வந்தது. அந்தப் பெண் ஒரு டிரங்குப் பெட்டியோடு ரயில் ஏறியதை என் கணவர் பார்த்துவிட்டு வந்தார். அன்று அவர் சாப்பிடவில்லை.

எங்கள் வீடும் பேங்க் கணக்கும் அவர் பெயரில்தான் இருந்தன. ஸ்காட்லாந்தில் அவருக்கு ஒரு தம்பி. கல்யாணச் செய்தி போனதிலிருந்து அவனிடமிருந்து ஒரு வரி வந்தது கிடையாது. “நான் போயிட்டா அவன் வந்து நிப்பான். உயில் எழுதிருவோம்” என்றார். ஆனால் வக்கீலுக்குப் பீஸ் கொடுக்க மனசு வரவில்லை. ஸ்காட்லாந்துக்காரர்கள் கஞ்சர்கள் என்ற பேச்சு முழுக்கப் பொய் இல்லை. ரெஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதுகிற ஒருவரைப் பிடித்தோம்.

உயில் தயாரானது. வீடும் பணமும் எனக்கு என்று நாலே வரிதான். அவர் கையெழுத்துப் போட்டார். முதல் சாட்சியாக எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் போட்டார். இன்னொரு சாட்சி வேண்டும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். என் அப்பா காலமானபின் நிலத்தைப் பங்கு பிரித்தபோது அண்ணன்மார் கையெழுத்துப் போட்டார்கள், பங்காளிகள் போட்டார்கள், வேடிக்கை பார்க்க வந்தவர் கூடப் போட்டார். என்னையும் அம்மாவையும் கதவுக்குப் பின்னால் நிற்கச் சொன்னார்கள். அந்தக் கோபம் எனக்குள் அப்படியே இருந்தது. என் பெயர் எழுதிய காகிதத்தில் என் கையெழுத்து இல்லாமல் எப்படி என்று கேட்டேன்.

பத்திரம் எழுதுகிறவரும் தலையாட்டினார். “வாங்குறவுகளும் ஒரு கையெழுத்துப் போட்டுட்டா பத்திரம் கெட்டிம்மா. நாளப்பின்ன ஒருத்தனும் பேச முடியாது” என்றார். நம் ஊரில் அதுதான் வழக்கம். இரண்டாவது சாட்சியாக நானே போட்டேன். வகுப்பில் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுவது போல எழுத்து எழுத்தாக அழகாகப் போட்டேன். பெருமையாக இருந்தது.

அடுத்த கோடையில் அவருக்கு விஷ ஜுரம் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. மருந்துச் செலவுக்குப் பேங்கில் போய்க் கேட்டால், அவர் கையெழுத்து இல்லாமல் முடியாது என்றார்கள். உயில் இருக்கிறதே, அதைக் காட்டினால் கொடுப்பார்களா என்று கேட்க வடக்காவணி மூல வீதியில் ஒரு வக்கீலிடம் ஓடினேன். உயிருள்ள மனுஷருடைய உயிலைத் தூக்கிக்கொண்டு போனேன் என்றால் என் குழப்பத்தைப் புரிந்துகொள்ளுங்கள்.

வக்கீல் படித்தார். கடைசிப் பக்கத்தில் அவர் விரல் நின்றது.

“இந்தச் சாட்சிக் கையெழுத்து யாருதும்மா?”

“என்னுதுதான்.”

“அப்ப இந்த உயில்ல உங்களுக்கு ஒண்ணும் கிடையாதே.”

கையெழுத்துப் போடாதவளுக்குச் சொத்து இல்லை என்று பிறந்த வீட்டில் படித்திருந்தேன். கையெழுத்துப் போட்டதால் சொத்து இல்லை என்கிறாரே. அவர் பொறுமையாகத்தான் சொன்னார். உயிலால் லாபம் அடைகிறவர் சாட்சி போட்டால் அவருக்கு எழுதியது மட்டும் செல்லாது. என் அப்பா மாதிரி ஒரு இந்து எழுதிய உயிலாக இருந்தால் இந்த விதியே கிடையாது. வெள்ளைக்காரர் எழுதியதால் உண்டு. உயில் செல்லாவிட்டால் வீட்டில் ஒரு பங்கு அவர் தம்பிக்குப் போகும். பேங்க் பணத்துக்கு அவர்கள் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறதோ அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

ஒரே வீடு, ஒரே அடுப்பு. இதில் எனக்கு ஒரு சட்டம், அவருக்கு ஒரு சட்டம், அவர் பணத்துக்கு வேறொரு சட்டம். கணக்கு டீச்சருக்கு ஒரு விடையும் வரவில்லை. ரயில் ஏறிய அந்தப் பெண்ணின் டிரங்குப் பெட்டிதான் மனக்கண்ணில் நின்றது.

வேறு உயில் எழுத வேண்டும், அவருக்கு நினைவு இருக்கும்போதே எழுத வேண்டும் என்றார் வக்கீல். மறுநாள் காலையில் ஜுரம் சற்றுத் தணிந்திருந்த நேரம் பார்த்துக் காகிதத்தோடு வந்தும்விட்டார். சாட்சிதான் கிடைக்கவில்லை. வக்கீல் போட்டால் பிறகு எனக்காகக் கோர்ட்டில் வாதாட முடியாதாம். டாக்டர், “எனக்கு எதுக்கும்மா கோர்ட்டு வம்பு” என்று நழுவினார். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆள் அனுப்பினால், வெள்ளைக்காரன் சொத்தில் ஒரு தரம் தலை கொடுத்ததே போதும் என்று பதில் வந்தது. நர்ஸ் ஒருத்தி மட்டும் இரக்கப்பட்டுச் சம்மதித்தாள். இன்னும் ஒரு ஆள் வேண்டும்.

வராந்தாவில் ஒரு விவசாயி உட்கார்ந்திருந்தார். கொட்டாம்பட்டிப் பக்கம். கிணற்றில் விழுந்து இடுப்பொடிந்த தம்பிக்குத் துணையாக இருந்தவர். நாலைந்து நாளாக முகம் பார்த்த பழக்கம்தான். கூச்சத்தை விட்டு அவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கே விளங்காததை அவருக்கு எப்படி விளக்கினேனோ தெரியாது. அவர் கேட்டது ஒரே கேள்வி.

“இதுல எனக்கு ஏதும் வருமா தாயி?”

“ஒண்ணும் வராதுங்க. கோர்ட்டுக்கு வேணா அலைய வேண்டி வரும்.”

“சரி, வாரேன்” என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

நானும் கூடவே உள்ளே போகப் பார்த்தேன். வக்கீல் கையைக் காட்டி நிறுத்தினார். நான் கட்டிலருகே நின்றால், நானே சொல்லி எழுத வைத்தேன் என்று நாளைக்குப் பேச்சு வருமாம். அறைக் கதவைச் சாத்தினார்கள். மறுபடியும் நான் கதவுக்குப் பின்னால். ஆனால் இந்தத் தடவை உள்ளே நடந்தது எனக்காக நடந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அது துக்கமா நிம்மதியா என்று எனக்குத் தெரியவில்லை.

வெளியே வந்த விவசாயிக்கு என்ன கொடுப்பது என்று புரியாமல், என் கணவருக்குக் கொண்டு வந்த காப்பியை ஊற்றிக் கொடுத்தேன். ரேஷன் சீனி தீர்ந்துபோயிருந்தது. ஆறியும் போயிருந்தது. அவர் மடமடவென்று குடித்துவிட்டுத் தம்பியைப் பார்க்கப் போய்விட்டார். பெயரும் ஊரும் உயிலிலேயே இருந்தன.

என் கணவர் பிழைத்துக்கொண்டார். “நீ போட்ட கையெழுத்து மட்டும் நல்லா இருந்துச்சு” என்று ஒரு வருஷத்துக்குமேல் என்னைக் கேலி செய்தார். நான் கோபித்துக்கொள்வேன். இப்போது அந்தக் கேலியைக் கேட்க மாட்டோமா என்றிருக்கிறது. ஒரு ஐப்பசி மழையில், மில்லிலிருந்து திரும்பி வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார்.

எதிர்பார்த்தபடியே சீமையிலிருந்த அவர் தம்பியின் வக்கீல் வந்தார். சாகக் கிடந்தவரை மயக்கி எழுதி வாங்கியது என்று வாதம். சாட்சிகளில் ஒருவராவது கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டும். நர்ஸ் ராணுவ ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்விட்டாள், எங்கே என்று தெரியவில்லை. பெட்ரோல் தட்டுப்பாட்டால் அப்போது கரியில் ஓடிய பஸ்ஸில் கொட்டாம்பட்டி போய் இறங்கினேன். அந்த மனிதர் கடலைக் காட்டில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும், “துரை போயிட்டாகளா தாயி” என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. அறுவடை நேரம், ஆனாலும் சொன்ன தேதிக்கு முதல் நாளே மதுரைக்கு வந்துவிட்டார். பஸ் காசைக் கொடுக்கப் போனேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

கூண்டில் எதிர்க்கட்சி வக்கீல் அவரைச் சுற்றிச் சுற்றிக் கேட்டார். துரைக்கு நினைவு இருந்ததா என்றதற்கு, “எந்தூருன்னு என்னையக் கேட்டாக. கடலைக்கு மழை பெஞ்சுச்சான்னு கேட்டாக. நினைவில்லாதவுக அதையா கேப்பாக?” என்றார். கடைசியாக வக்கீல் குரலை உயர்த்தி, இந்த அம்மாளிடமிருந்து நீர் என்ன வாங்கினீர் என்றார்.

“வாங்கினேன்” என்றார் அவர்.

என் வக்கீல் திரும்பி என்னைப் பார்த்தார். நான் எதையாவது கொடுத்துத் தொலைத்தேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

“ஒரு தம்ளர் காப்பி. அதுலயும் சீனி இல்லீங்க.”

ஜட்ஜ் குனிந்து எழுதிக்கொண்டே சிரித்தார். அந்த வாரமே வீடும் கணக்கும் எனக்கு என்று தீர்ப்பாயிற்று. தீர்ப்பைக் கேட்க அந்த விவசாயி இல்லை. சாட்சி சொன்ன அன்றே கடலை காய்கிறது என்று ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

இப்போது நான் என் உயிலை எழுத வேண்டிய வயதில் இருக்கிறேன். தலைமுழுகிய அண்ணன்மாரின் பிள்ளைகள் “அத்தை” என்று ஆளுக்கொரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து போகிறார்கள். அந்த விவசாயிக்கும் ஏதாவது எழுதி வைக்க ஆசை. நான் இந்து என்பதால் என் உயிலுக்கு அந்த விதி பொருந்தாது, அவர் சாட்சியும் போடலாம், சொத்தும் வாங்கலாம் என்கிறார் வக்கீல். சட்டம் எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. எழுதி வைத்தால் அவர் வாங்க மாட்டார், சாட்சிக்குக் கூப்பிட்டால் வருவார் என்பது மட்டும் புரிகிறது. கூப்பிடத்தான் போகிறேன், இந்த முறை காப்பியில் சீனி போட்டு.