கரீம் பாயின் வீண் தாள்கள்

கரீம் பாய் இறந்துபோன காலையில் நான் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரிவதைவிட நானே முதலில் சொல்லிவிடுவது மரியாதை.

சனிக்கிழமை, எனக்கு ஷிப்ட் இல்லை. மகள் யமுனாவின் எம்.ஏ. விண்ணப்பத்தைப் பிரிண்ட் எடுக்கப் பாகலூர் ரோட்டில் இருக்கும் அவர் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். ஒன்பதரை ஆகியும் ஷட்டர் ஏறவில்லை. போன் அடித்தேன். எடுத்தது யார் என்றுகூடக் கேட்காமல், "என்ன பாய், ஊரே எந்திரிச்சு டீ குடிச்சாச்சு. நான் இங்க ஷட்டரைப் பாத்துக்கினு நிக்கிறேன். முடியலன்னா கடையை வேற யாருக்காச்சும் விட்டுட்டுப் போங்க" என்று ஒரு நிமிஷம் பொழிந்து தள்ளினேன். மறுமுனை பொறுமையாகக் கேட்டுக்கொண்டது. கடைசியில் அவர் மகன் ரியாஸின் குரல் வந்தது.

"அண்ணா, அத்தா விடிகாலையில மவுத்தாயிட்டாரு. நெஞ்சு வலி. மத்தியானம் லுஹர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்."

நான் "சரிப்பா" என்றேன். எதிர் டீக்கடையில் போய் உட்கார்ந்து, டீ வாங்கி, குடிக்காமல் ஆறவிட்டேன்.

இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் அந்தக் கடை வரிசையில் நின்றவர்கள்தான். நிற்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கம்ப்யூட்டர், ஸ்பைரல் போடும் கருவி. மூன்றாவது ஆள் உள்ளே வந்தால் இரண்டாவது ஆள் வெளியே போக வேண்டும். எங்களிடம் தமிழ் பேசுவார், எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து வரும் பிள்ளைகளிடம் கன்னடம். மெஷின் தாளை விழுங்கிவிட்டால் மட்டும் தெலுங்கு. தெலுங்கில் திட்டினால்தான் அது கக்கும் என்பார். நானே பார்த்திருக்கிறேன், கக்கத்தான் செய்தது.

அந்தக் கடைக்குச் சோறு போட்டது கல்லூரிப் பிள்ளைகளின் கட்டுரைகள். பக்கத்துக் கல்லூரியில் ஒவ்வொரு பிள்ளையும் வருஷத்துக்கு நான்கு கட்டுரை எழுதித் தர வேண்டும்: மெய்யியல், சமூகம், வணிகம், ஊடகம். பிரிண்ட் போடுகிறவருக்கு எந்தத் தாளும் ஒரே தாள்தானே? பாய்க்கு அப்படியில்லை. படித்துவிட்டுத்தான் பிரிண்ட் கொடுப்பார். வரிசை ரோடு வரைக்கும் போனாலும் கவலைப்பட மாட்டார்.

"மெய்யியல்னா மொதப் பக்கத்துலயே சாவு வந்துரும், மாதப்பா. சமூகம்னா கடைசிப் பக்கத்துல அரசாங்கம் வந்துரும். வணிகம்னா பக்கத்துக்குப் பக்கம் கிராஃப். ஊடகம் இருக்கே, அதுல எல்லாரும் செல்போனைத் திட்டுவாங்க. அதையும் செல்போன்லதான் டைப் பண்ணி எனக்கு அனுப்புவாங்க." இப்படிச் சொல்லிச் சிரிப்பாரே தவிர, அந்தப் பிள்ளைகளை ஒருநாளும் மட்டமாகப் பேசியதில்லை. "இருவது வயசுல தப்பா யோசிச்சாலும் முழுசா யோசிக்கிறாங்கயா. நாம அரைகுறையாவே அறுவதுக்கு வந்துட்டோம்" என்பார். எனக்கு அப்போது நாற்பத்தெட்டுதான். அதைச் சொன்னால், "அப்ப வேகமா வந்துட்டே" என்பார்.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. மை கோடு விழுந்தது, பாதி வெளுத்தது, கோணலாக இழுத்தது என்று வீணாகும் தாள்களை மற்ற கடைக்காரர்கள் வடை மடிக்கக் கொடுத்துவிடுவார்கள். பாய் அவற்றில் பிடித்த கட்டுரைகளை எடுத்து அடுக்கி வைப்பார். ஒரு கை கனம் சேர்ந்ததும் ஸ்பைரல் போட்டுப் புத்தகமாக்கிவிடுவார். அதற்கு முன் ஒவ்வொரு கட்டுரையிலும் எழுதியவர் பெயர் இருக்கும் துண்டைக் கத்தரித்துவிடுவார். "நாளைக்குப் பெரிய ஆளாகி இதப் பாத்தா வெக்கப்படும் புள்ள. எழுத்து இருக்கட்டும், பேரு வேணாம்." அப்படி ஏழு புத்தகம் இருந்தன. மத்தியானம் கூட்டமில்லாத நேரத்தில் அவற்றைத்தான் படிப்பார். நானும் படித்தேன். கம்பெனி லேத்தில் டர்னர் வேலை பார்க்கிற, ஐ.டி.ஐ. தாண்டாத ஆள் நான். உண்மை என்றால் என்ன என்று யாரோ ஒரு பிள்ளை, மேலிருந்து கீழ் வரை மை கோடு ஓடின தாளில் கேட்டிருந்ததை நின்றபடியே படித்தேன். அன்றைக்கு நைட் ஷிப்டைக் கோட்டை விட்டேன்.

இனி என் பெருமையான பகுதி. யமுனா இரண்டாம் வருஷம் படிக்கும்போது, வணிகக் கட்டுரை கொடுக்க வேண்டிய வாரத்தில் அவளுக்கு அம்மை போட்டுவிட்டது. வேப்பிலைக்கு நடுவில் படுத்துக்கொண்டு, "கட்டுரை, கட்டுரை" என்று அனத்தினாள். நான் நேராகப் பாயிடம் போனேன்.

"பாய், உங்க கம்ப்யூட்டர்லதான் நூறு கட்டுரை கிடக்குதே. ஒண்ண எடுத்துப் பேர மாத்திக் குடுங்க."

"அதெல்லாம் அடுத்தவங்க பெத்த புள்ளைங்க. பேரு மாத்தித் தர மாட்டேன்."

"அப்ப நானே சொல்றேன், நீங்க அடிங்க."

வாய் தவறித்தான் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு, "சொல்லு" என்றார்.

எனக்கு என்ன வணிகம் தெரியும்? குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாடு விற்றதைச் சொன்னேன். விற்பவர் கையும் வாங்குகிறவர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் இருக்கும். விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவர்களுக்குப் பேரம் நடப்பது தெரியும், விலை தெரியாது. அன்றைக்கு என் அப்பாவின் விரல் லேசாக நடுங்கியது. வாங்க வந்தவர் அதைப் பிடித்துவிட்டார். எங்கள் அவசரம் அவருக்குத் தெரிந்துபோனது, விலை அந்த நொடியில் இறங்கிவிட்டது. ஊருக்கே மறைக்கிற துண்டு, கையைப் பிடித்திருக்கிற ஆளிடம் எதையும் மறைப்பதில்லை. அவ்வளவுதான் என் கட்டுரை.

மூன்று முறை படித்துப் பார்த்தோம். பாய் ஒற்றுப்பிழை திருத்தினார். நான் மாட்டின் நிறத்தைத் திருத்தினேன். மேலே யமுனா பெயரைப் போட்டு, ஸ்பைரல் போட்டு, நானே கல்லூரி ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தேன். அவளிடம், "ஏற்பாடு பண்ணிட்டேன், நீ தூங்கு" என்று மட்டும் சொன்னேன்.

உடம்பு தேறி அவள் கல்லூரிக்குப் போன முதல் நாளே மத்தியானம் கடை வாசலில் வந்து நின்றாள். நானும் உள்ளேதான் இருந்தேன். கையில் அந்தக் கட்டுரை.

"பாய் மாமா, மொத வரியப் படிங்க."

பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "எனக்குக் கல்யாணம் நிச்சயமான வருஷம், செலவுக்காக எங்கள் வீட்டுச் செவலை மாட்டை விற்கச் சந்தைக்குப் போனோம்." படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் மெஷினைப் பார்த்தேன்.

"மேடம் கிளாஸ்ல சத்தமா படிச்சாங்க. 'எப்பம்மா கல்யாணம், எங்களக் கூப்புடலியே'ன்னு கேட்டாங்க. நாப்பது பேரு முன்னாடி எனக்குக் கல்யாணம் பண்ணி வச்சிட்டீங்க ரெண்டு பேரும்!"

"மாட்டுக்குக் கலரு கரெக்டாத்தான்மா போட்டோம்" என்றேன். ஏன் அதைச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவள் அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. இனி எதையும் நம்ப முடியாது, பத்து நாளில் வருஷத்துக்கான நான்கு கட்டுரையையும் புதிதாக, சொந்தமாக எழுதித் தந்தால்தான் மார்க் என்று மேடம் சொல்லியிருந்தார். இவளோ, "அந்தக் கிளாஸ்ல இனிமே எனக்கு மூஞ்சி இல்ல. படிப்பு போதும். திங்கக்கிழமை கம்பெனி பஸ்ல ஏறிடறேன்" என்றாள். எங்கள் தெருவில் அந்த பஸ்ஸில் ஏறாத பெண் இவள் ஒருத்திதான். மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. "அம்மா, சாம்பார் வேணுமான்னு அவரக் கேளு" என்பாள், ஒரு முழம் தள்ளி உட்கார்ந்துகொண்டு.

நான்காம் நாள் பாய் கடையை அடைத்துவிட்டு என்னைக் கல்லூரிக்கு இழுத்துப் போனார். அந்த மேடத்துக்கு முப்பது வயது இருக்கலாம். அவர் முன்னால் நாங்கள் இரண்டு பேரும் கை கட்டி நின்றோம். "அடிச்சவன் நான் மேடம். படிச்சும் பாத்தேன். அந்த வரி கண்ணுல படல. புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் பாய். மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு எங்களை வெளியே அனுப்பினார்.

சாயங்காலம் பாய் எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரக்கூட இல்லை. "பாப்பா, ஃபெயிலானது நாங்க ரெண்டு பேரு. நீ இன்னும் எழுதவே இல்லியே, நீ எப்படி ஃபெயிலு? நாளைக்குக் கடைக்கு வா. நான் அடிக்க மாட்டேன், நீயே அடி. ஒரு வரி சொல்லித் தர மாட்டேன். உங்கப்பன உள்ள விட மாட்டேன்."

யமுனா, "அவரு வாசல்ல நின்னுகூட எட்டிப் பாக்கக்கூடாது" என்றாள்.

"பாத்தா ஷட்டர இறக்கிடறேன்."

ஆறு நாள் சாயங்காலம் நான் எதிர் டீக்கடையிலேயே நின்றேன். பாய் வெளியே வரும்போது, "எப்படி எழுதுது பாய்?" என்று கேட்டால், "உனக்கெதுக்கு? டீ சொல்லு" என்பார். ஆனால் நன்றாக எழுதுகிறாள் என்று அவர் நடையிலேயே தெரிந்தது.

ஏழாம் நாள் காலை என் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் நான்கு தாள்கள் இருந்தன. அவளுடைய மெய்யியல் கட்டுரை. ஒருவருக்காக இன்னொருவர் பேசலாமா என்பது தலைப்பு. "கேட்காமல் செய்ததை அன்பு என்று சொல்லிவிட்டால், கேட்காமல் விட்டது இல்லாமல் போய்விடாது" என்று ஒரு வரி. கம்பெனி கேன்டீனில் அதைப் படித்துவிட்டுத் தயிர்சாதத்தை அப்படியே மூடி வைத்தேன். சாயங்காலம் தாள்களைத் திருப்பிக் கொடுத்தபோது, "படிச்சீங்களா?" என்று நேராக என்னைக் கேட்டாள். "மாட்டப் பத்தி ஒண்ணும் இல்லியே" என்றேன். சிரித்துவிட்டாள்.

அதற்குச் சில மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. பாய் தொழுகைக்குப் போகும்போது கடையை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். பொழுது போகாமல் ஏழாவது புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். எல்லாத் தாளும் வழக்கம்போல மை இழுத்தவை, வெளுத்தவை, மேலே துண்டு கத்தரித்தவை. நடுவில் இரண்டு தாள் மட்டும் வெள்ளையாக, நேராக, ஒரு கோடுகூட விழாமல் இருந்தன. என் மாட்டுக் கட்டுரை. கல்யாண வரியும் அப்படியே இருந்தது. மேலே எதுவும் கத்தரிக்கப்படவில்லை. "எழுதியவர்: மாதப்பன், டர்னர்" என்று அச்சடித்திருந்தது.

கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு என் பெயரை யாரும் அச்சடித்து நான் பார்த்ததில்லை. புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். பாய் திரும்பி வந்து, "என்ன பண்ணிக்கினு இருந்தே?" என்றார். "ஒண்ணுமில்ல பாய், ரெண்டு ஆதார் ஜெராக்ஸ் வந்துச்சு" என்றேன்.

அடக்கத்துக்கு ஏராளமான பிள்ளைகள் வந்திருந்தார்கள். பலர் இப்போது கம்பெனிகளில் மேனேஜர், ஒருத்தி பத்திரிகையில் இருக்கிறாளாம். யமுனா அவர் வீட்டில் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். மறுநாள் ரியாஸ், "அத்தா நெனப்பா எது வேணும்னா எடுத்துக்கோங்கண்ணா" என்றபோது, ஏழாவது புத்தகம் மட்டும் போதும் என்றேன். ஏன் அது என்று அவன் கேட்கவில்லை. இப்போது எங்கள் வீட்டு டி.வி.க்கு மேலே இருக்கிறது. யமுனாவே படித்துக் கண்டுபிடிக்கட்டும்.

அடக்கத்தின்போது எல்லோரும் மூன்று பிடி மண் போட்டார்கள். நானும் போட்டேன். மூன்றாவது பிடி கையில் இருந்தபோது ஒன்று சொல்ல வேண்டும் போல் இருந்தது. சுற்றி ஆட்கள் நின்றதால் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன்: பாய், அந்தப் பக்கத்த நான் அன்னிக்கே பாத்துட்டேன்.